‘அருமை!’ என்றால் போதுமா?

தமிழில் இன்று மிகவும் மலிந்துவிட்ட சொல் எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், ‘அருமை’ என்ற சொல்தான் என்பேன். எளிதில் கிடைக்காதது எதுவோ அதைக் குறிக்கவே நம் முன்னோர் அச்சொல்லை வைத்தனர். இன்றோ அது வறுத்த கடலையைப் போல் கை நிறையக் கிடைக்கிறது. நண்பர் கவிதை எழுதினால் அருமை; பாடினால் அருமை; பத்துப் படங்கள் எடுத்துக் கைப்பேசியில் அனுப்பினால், முதற்படத்தைப் பாதி பார்த்ததுமே அருமை. இப்போது அதைச் சொல்லக்கூட வேண்டுவதில்லை. கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது.

நானும் அப்படிச் சொல்லி வந்தவன்தான். அந்த ஒரு சொல்லால் நண்பர் ஒருவருக்கு எவ்வளவு தீங்கு செய்தேன் என்பதை உணர்ந்த பிறகே இதை எழுதத் துணிந்தேன்.

நம் வளாகத்தில் புகைப்படக் கட்டுரை செய்து பார்க்காதவர் இப்போது குறைவு. பத்துப் பன்னிரண்டு படங்களை ஒரு வரிசையில் வைத்து, அடியில் சிறு குறிப்புகள் எழுதி, ஒரு வாழ்வையோ ஒரு தொழிலையோ சொல்லிவிடும் முறை அது. ஒரே படத்தால் சொல்ல முடியாததைப் படங்களின் தொடர் சொல்லும். 1948இல் ‘லைஃப்’ இதழில் யூஜின் ஸ்மித் என்பவர் கொலராடோ மலைப்பகுதியின் சிற்றூர் மருத்துவர் ஒருவரைப் பற்றி வெளியிட்ட படக்கட்டுரையை இத்துறையினர் இன்றும் பாடமாகக் கொள்கின்றனர். அங்கே சொற்களைக் காட்டிலும் படங்களே கதையை நடத்திச் செல்கின்றன.

தேவ்நாரில் வாழும் நமக்கோ படமெடுக்கப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. டாட்டா சமூக அறிவியல் கழகம் 1954இல் இங்கே வந்தபோதே, 1927 முதல் பம்பாய் நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்த மேடு அருகில் இருந்தது. 2016 ஜனவரியில் அம்மேடு தீப்பற்றி எரிந்தபோது எழுந்த புகை, செயற்கைக்கோள் எடுத்த படத்திலும் தெரிந்தது. இறைச்சிக்கூடம், கோவண்டியின் குறுகிய சந்துகள், மான்கூர்டு, அதற்கப்பால் நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சீத்தா கேம்ப். தோளில் காமிராவை மாட்டிக்கொண்டு வாயிலைத் தாண்டினால் போதும், படம் கிடைக்கும். அவ்வளவு எளிதில் கிடைப்பதுதான் ஆபத்து.

என் நண்பர் சீத்தா கேம்ப்பில் ஓர் ஆச்சியைப் படமெடுத்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்தவர் அந்த ஆச்சி. பழைய பிளாஸ்டிக்குச் சாமான்களை வாங்கி வந்து, வீட்டு வாசலில் குவித்து, வகை வகையாகப் பிரித்துப் பங்கார் கடையில் எடைக்குப் போடுவது அவர் தொழில். நண்பர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்று நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். அவற்றில் பன்னிரண்டைப் பொறுக்கி, ‘குப்பையில் ஒரு வாழ்வு’ என்று தலைப்பிட்டார். சுவரில் மாட்டுவதற்கு முதல்நாள் இரவு என் அறைக்குக் கொண்டுவந்து பரப்பினார். மறுநாள் எனக்குத் தேர்வு. பன்னிரண்டு படங்களையும் ஒரு நிமிடத்தில் புரட்டினேன். ஒளி நன்றாக விழுந்திருந்தது. ஆச்சியின் முகச்சுருக்கங்கள் சிற்பம் போல் இருந்தன. “அருமை!” என்றேன். அவர் மகிழ்ச்சியோடு போனார்.

கண்காட்சியின் இரண்டாம் நாள் நண்பர் அந்த ஆச்சியையே அழைத்து வந்தார். நானும் உடன் இருந்தேன். ஆச்சி வெளுத்த சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். முதற்படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தார். எங்களில் எவரும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. முடிவில் திரும்பி, கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புபவரைப் போல் கேட்டார்:

“தம்பி, எல்லாப் படத்துலயும் குனிஞ்சுல்லா இருக்கேன். நான் நிமிரவே இல்லையா?”

நண்பர் பேசவில்லை. நான் அப்போதுதான் படங்களை எண்ணினேன். பன்னிரண்டில் பதினொன்றில் ஆச்சி குனிந்திருந்தார். ஒன்றில் படுத்து உறங்கினார். பன்னிரண்டும் நின்றுகொண்டு, மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தவை. பங்கார் கடைக்காரனிடம் தராசு முள்ளைப் பார்த்து ஆச்சி வாதாடும் காட்சி ஒன்றுகூட இல்லை. எந்தப் பிளாஸ்டிக்கு எந்த வகை என்பதை விரலால் சுண்டி ஓசையைக் கேட்டே சொல்லும் திறமை அவருக்கு உண்டு, அதுவும் இல்லை. குறிப்புகளில் ‘முதிய பெண்’ என்று இருந்தது. பெயர் இல்லை.

அன்று மாலை நண்பர் என்னிடம் சொன்ன சொல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது: “எனக்கு அது தெரியவில்லை. நான் படத்துக்கு உள்ளே நின்றேன். நீ வெளியே நின்று பார்த்தாயே, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

கூடாதா என்ன? பதினொன்று வரை எண்ணத் தெரிந்த எவரும் சொல்லியிருக்கலாம். அதற்குக் காமிராவின் நுட்பம் தெரிய வேண்டியதில்லை, பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. பார்க்காததை மறைக்க ஒரு புகழ்ச்சொல்லைப் போர்த்தினேன்.

எனவே என் கருத்து இதுதான். பிறர் எடுத்த படக்கட்டுரையைப் பற்றி நாம் சொல்லும் கருத்து, முதலில் நாம் அதைப் பார்த்தோம் என்பதற்குச் சான்றாக இருக்க வேண்டும். புகழ்வதா பழிப்பதா என்பது பிறகு. கண்ணில் பட்டதைத் திருப்பிச் சொல்வதே முதற்கடமை.

‘நமக்கு என்ன தெரியும், நாம் கலைஞரா?’ என்று சிலர் ஒதுங்குவர். குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்வதற்குச் சமையற்காரராக இருக்க வேண்டுமா? உண்ணத் தெரிந்தால் போதாதா? ‘குறை சொன்னால் நட்புக் கெடும்’ என்று வேறு சிலர் அஞ்சுவர். வள்ளுவர் நட்பை ஆராய்ந்த இடத்தில், சேர்ந்து சிரிப்பதற்கு மேலாக இடித்துரைப்பதை வைத்தார் என்பதை நாம் பள்ளியிலேயே படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். நான் சொல்லாமல் விட்டதால்தான் என் நட்புக்கு ஊறு நேர்ந்தது, சொல்லியிருந்தால் நேர்ந்திராது.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் ஒன்று உண்டு. குறை காண்பதே அறிவு என்று கருதும் கூட்டம் அது. இவர்கள் எதற்கெடுத்தாலும் நக்கீரரைத் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் திருவிளையாடற் கதையை ஊன்றிப் பாருங்கள். நக்கீரர் தருமியின் வறுமையைப் பழிக்கவில்லை. அவனுக்குப் பாடத் தெரியாது என்று ஏளனம் செய்யவில்லை. பாட்டிலே இன்ன பொருள் பிழை என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார். காரணம் கேட்டபோது காரணம் சொன்னார். இறைவனே வந்து நின்றபோதும் பேச்சு அந்த ஒரு பொருளை விட்டு விலகவில்லை. குற்றம் கூறும் துணிவை அவரிடம் கற்றுக்கொண்ட நாம், குற்றத்தைச் சுட்டும் துல்லியத்தைக் கற்கவில்லை. நூல் எழுதினால் அவையில் அரங்கேற்றி, தடைகளுக்கு விடை சொல்லி, அதன் பிறகே உலவவிட்ட மரபு நம்முடையது. தடை எழுப்பியவரை அக்காலத்தார் பகைவராகக் கருதவில்லை. அவர் இல்லாமல் அரங்கேற்றமே இல்லை.

கருத்துரைப்பவனின் கையிலே எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதற்கு அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லலாம். 1930களில் அந்நாட்டு வேளாண்மை சீர்குலைந்து உழவர்கள் ஊர் ஊராக அலைந்தபோது, அவர்கள் நிலையைப் படமெடுக்க அரசு ஒரு பிரிவை வைத்தது. அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவருக்குப் பிடிக்காத படச்சுருள்களில் துளைபோடும் கருவியால் ஓட்டை போட்டுவிடுவார்கள். இன்று அச்சுப்போட்டுப் பார்த்தால் உழவனின் முகத்திலோ வயலின் நடுவிலோ கருத்த வட்டம் ஒன்று தெரிகிறது. ஏன் பிடிக்கவில்லை என்பதை அந்த ஓட்டை சொல்லாது. அதே ஸ்ட்ரைக்கர்தான் வெளியூர் சென்ற படக்காரர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். இன்ன ஊரில் இன்னதைக் கவனி, மக்கள் மாலையில் எங்கே கூடுகிறார்கள் என்று பார் என்றெல்லாம் வழிகாட்டினார். ஒரே மனிதர், இரண்டு விதமான கருத்துரை. கடிதத்தைப் படித்தவர் அடுத்த படத்தை மேலும் நன்றாக எடுத்தார். துளைபட்ட படத்துக்கு அடுத்தது என்ற ஒன்றே இல்லை. நம்மில் பலர் நண்பரின் படத்தைப் பார்த்து ‘சரியில்லை’ என்று ஒரே சொல்லில் முடிக்கும்போது, நாமும் துளைக்கருவியைத்தான் எடுக்கிறோம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எதைச் சொல்வது? அந்த ஆச்சி கற்பித்த பிறகு நான் கைக்கொண்டுள்ள முறையைச் சொல்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம்.

முதலில் பேசாமல் எல்லாப் படங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். எடுத்தவரும் அப்போது வாய் திறக்கக் கூடாது. ‘இங்கே என்ன நடந்தது தெரியுமா’ என்று அவர் தொடங்கிவிட்டால், நாம் படத்தைப் பார்ப்பதை விட்டு அவருடைய நினைவைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். பிறகு நாம் கண்ட கதையை நம் சொற்களில் சொல்ல வேண்டும். ‘ஒரு முதியவள், எப்போதும் வேலை, துணைக்கு யாரும் இல்லை, முடிவில் சோர்ந்து உறங்குகிறாள்’ என்று அன்றிரவு நான் சொல்லியிருந்தால், நண்பர் திடுக்கிட்டிருப்பார். ‘துணைக்கு ஆளில்லையா? வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் ஆயிற்றே!’ என்றிருப்பார். அவர் மனத்தில் இருந்ததும் சுவரில் இருந்ததும் வேறு வேறு என்பது அந்தக் கணமே தெரிந்திருக்கும்.

அடுத்தது எண்ணிப் பார்ப்பது. எத்தனை படங்களில் முகம் தெரிகிறது? காமிரா எந்த உயரத்தில் இருக்கிறது? அருகில் இருப்பவர் யார், தொலைவில் இருப்பவர் யார்? கைகள் என்ன செய்கின்றன? ஒரே செய்தியை மூன்று படங்கள் சொல்கின்றனவா? ரசனை ஆளுக்கு ஆள் மாறும், எண்ணிக்கை மாறாது. ‘மனத்தைத் தொடவில்லை’ என்றால் நண்பர் வருந்துவார். ‘பன்னிரண்டில் பதினொன்று குனிந்த நிலை’ என்றால் திரும்பிப் போய்ப் பார்ப்பார்.

மூன்றாவது வரிசை. உறங்கும் படம் கடைசியில் வந்ததால் அது தோல்வியின் முடிவு போல் இருந்தது. அதையே முதலில் வைத்திருந்தால், விடியுமுன் எழப்போகும் ஒருத்தியின் ஓய்வாக இருந்திருக்கும். படம் ஒன்றே, இடம் மாறினால் பொருள் மாறுகிறது. மேலே சொன்ன யூஜின் ஸ்மித், ஆல்பர்ட் சுவைட்சரைப் பற்றித் தாம் எடுத்த படங்களைத் தம் விருப்பப்படி அமைக்கவில்லை என்று பிணங்கி, ‘லைஃப்’ இதழின் வேலையையே விட்டு விலகினார். அக்கட்டுரை வெளிவந்தது 1954இல். வரிசைக்காக ஒருவர் வேலையைத் துறந்திருக்க, நாம் வரிசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் போவது முறையா?

நான்காவது குறிப்புகள். 1936இல் கலிபோர்னியாவில் டோரதியா லாங்கு என்ற அம்மையார், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த ஒரு தாயைக் குழந்தைகளோடு படமெடுத்தார். உலகம் அறிந்த படம் அது. ஆனால் அத்தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். 42 ஆண்டுகள் கழித்து, 1978இல்தான், அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளிப்பட்டது. அப்படத்தை எடுத்திருக்க வேண்டாம் என்றும், தமக்கு அதனால் பயனில்லை என்றும் அந்த அம்மையார் மனம் வருந்திக் கூறினார். அந்தப் படங்களை முதலில் பார்த்தவர்களுள் ஒருவராவது ‘இவள் பெயர் என்ன?’ என்று கேட்டு, பதில் வரும்வரை விடாமல் இருந்திருந்தால்? கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நானும் கேட்கவில்லையே!

நான்கையும் விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. படத்தில் இருப்பவர் இங்கே வந்து நின்றால், இதைத் தம்முடையது என்று ஒப்புவாரா?

2018இல் நடந்ததைப் பலர் அறிவீர்கள். இத்தாலியப் புகைப்படக்காரர் அலெசியோ மாமோ, உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழை மக்களை ஒரு மேசைக்கு முன் நிறுத்தி, மேசைமேல் போலி உணவுகளைப் பரப்பி, உண்ண விரும்புவதைக் கனவு காணுமாறு சொல்லி எடுத்த படங்கள் உலகப் பத்திரிகைப் புகைப்பட நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளியாயின. எடுத்தது 2011இல். வெளியானதும் உலகெங்கும் கண்டனம் எழுந்தது. எடுத்தவர் வருத்தம் தெரிவித்தார். நான் நினைப்பதெல்லாம் இடையில் கழிந்த ஏழு ஆண்டுகளைப் பற்றித்தான். அவருக்கு நண்பர்கள் இருந்திருப்பார்கள். ‘பசித்தவன் முன் பொய்ச்சோற்றை வைப்பது தகுமா?’ என்று ஓர் அறைக்குள் ஒரு நண்பர் உரிய காலத்தில் கேட்டிருந்தால், உலகம் கேட்க வேண்டி வந்திராது. நண்பன் சொல்லாததை ஊர் சொல்லும். ஊர் சொல்லும்போது கனிவு இராது.

நல்ல வழியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், 1993 முதல் 2002 வரை பத்து மாநிலங்களில் உழைக்கும் கிராமப் பெண்களை எடுத்த படங்களை, பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் வைத்தார். உழைப்பவரே உழைப்பின் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்பது போன்ற ஏற்பாடு அது. 2014இல் அவர் மும்பையில் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக்களஞ்சியத்தில் இன்று படமெடுப்பவர்களுள் ஒருவர் நம் மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார். மீன் விற்கும் தம் தாயின் வாழ்வையே படக்கட்டுரையாகச் செய்தவர். இராமநாதபுரக் கரையில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு தொழில் தெரிந்தவர்களாக அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுடைய துன்பத்தை அவர் மறைக்கவில்லை. அதே சமயம் துன்பத்தை மட்டுமே காட்டி நிறுத்தவும் இல்லை.

நம் சீத்தா கேம்ப் மக்களையும் எண்ணிப் பாருங்கள். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகில் இருந்த ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டு இங்கே குடியேற்றப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், 2000இல் மக்சேசே விருது பெற்றவர், 2018இல் மறைந்தார். குடிசை மக்கள் தம் வீடுகளைத் தாமே எண்ணிக் கணக்கெடுக்கும் முறையைப் பல ஊர்களிலும் நாடுகளிலும் பரப்பியவர்களுள் அவர் ஒருவர். தம்மைத் தாமே கணக்கெடுக்கத் தெரிந்த மக்களுக்கு, தம் படத்தைப் பற்றிச் சொல்லவா தெரியாது? ஆச்சி கேட்ட ஒரு கேள்விக்கு இணையாக அந்தக் கண்காட்சியில் வேறு எவரும் எதுவும் கேட்கவில்லை. பார்வையாளர் குறிப்பேட்டில் ‘அருமை’ என்பதுதான் பக்கம் பக்கமாக இருந்தது. அவற்றில் ஒன்று என் கையெழுத்து.

என் நண்பர் துவண்டுவிடவில்லை. மீண்டும் சீத்தா கேம்ப் சென்றார். இம்முறை சில நாட்கள் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆச்சியோடு வாசலில் அமர்ந்து பிளாஸ்டிக்கு வகை பிரிக்கக் கற்றார். அமர்ந்து பார்த்தபோது உலகம் வேறு உயரத்தில் தெரிந்தது என்றார். புதிய வரிசையின் முதற்படத்தில் தராசு இருக்கிறது; அதன் முள்ளை நோக்கும் ஆச்சியின் கண்கள் இருக்கின்றன. அடியில் அவர் விரும்பியபடியே அவர் பெயர் இருக்கிறது. இம்முறை நான் தேர்வைக் காரணம் காட்டவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, ஏழாவது படமும் ஒன்பதாவது படமும் ஒரே செய்தியைச் சொல்வதாகக் கூறினேன். அரைமணி நேரம் வாதாடினோம். ஏழாவதை எடுத்துவிட்டார். எங்கள் நட்பு முன்னிலும் உறுதியாக இருக்கிறது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புகைப்படப் போட்டி வைக்கிறோம், பரிசு தருகிறோம், கை தட்டுகிறோம். அதனோடு, மாதம் ஒருமுறை ஒரே ஒரு படக்கட்டுரையை நடுவில் வைத்து, பரிசும் மதிப்பெண்ணும் இல்லாமல், சுற்றி அமர்ந்து பார்ப்போமே! முதல் பத்து நிமிடம் மௌனம். பிறகு ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்லட்டும். பிறகு கேட்கட்டும். எடுத்தவர் கடைசியில் பேசட்டும். படத்தில் இருப்பவர் வர இசைந்தால், அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுவோம். வெகுதூரத்திலிருந்து அவர் வரவேண்டியதில்லை. நம் வாயிலுக்கு வெளியேதான் வாழ்கிறார்.

இறுதியாக ஒன்று. இதைப் படித்து முடித்த நண்பர்கள் உணவு விடுதியில் என்னைக் காணும்போது, தோளைத் தட்டி ‘அருமை’ என்று சொல்லிவிட்டுப் போகாதிருப்பார்களாக! எந்தப் பத்தி தேவையில்லாதது என்று சொல்லுங்கள். தேநீர் என் செலவு.